தெளிந்த தண்ணீரில் மீன் சாவது ஏன்?

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் தொட்டியும் மீனும் வாங்கி வருகிறவர்கள் பலர், தண்ணீரின் தெளிவை வைத்துத்தான் ஃபில்டரை எடைபோடுகிறார்கள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். சில நாளில் மீன் செத்து மிதக்கும். ஏன்?

மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு அது. ஃபில்டருக்குள் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் சமாளித்துவிடலாம். ஆனால் புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அழுக்கைப் பிடிப்பதைவிட இவற்றுக்கு இடம் கொடுப்பதுதான் ஃபில்டரின் முக்கிய வேலை.

எதை வாங்குவது? 30, 40 லிட்டர் தொட்டிக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். மலிவு, குஞ்சுகளையும் உறிஞ்சாது. ஃபைட்டர் மீனுக்கும் இதுவே சரி, வேகமான ஓட்டத்தில் அது களைத்துவிடும். தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிப்பது. அதன் பெரிய தொட்டிக்குக் கேனிஸ்டர் ஃபில்டர் நல்லது. தொட்டி நீரைப்போல் 4, 5 மடங்கை மணிக்குச் சுழற்ற வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள், ஸ்பாஞ்ச் அடைய அடைய ஓட்டம் குறையும்.

ஸ்பாஞ்சில் படியும் பழுப்பு வழவழப்பைக் கண்டு அருவருத்து, குழாயடியில் வெளுக்க வெளுக்கப் பிழிகிறவர்கள் உண்டு. குளோரின் கலந்த நீர் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளி நீரில் லேசாகப் பிழிந்தாலே போதும். சத்தம் என்று இரவில் ஃபில்டரை அணைக்கவும் வேண்டாம். நீரோட்டம் கொண்டுவரும் ஆக்சிஜன் பாக்டீரியாவுக்கும் தேவை.