கண்ணை மூடச் சொல்கிறார்களா? உஷார்!

சவாசனத்தில் படுத்துக் கண்ணை மூடினால் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும் என்று நம்பாதீர்கள். சிறு வயதில் இருட்டில் யாரோ தொட்ட நினைவைச் சுமந்து வாழும் ஒரு பெண்ணுக்கு அந்த ஐந்து நிமிடம் நரகமாகிவிடலாம். மல்லாந்து படுத்திருக்கிறாள். கண் மூடியிருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டார்கள். தலைமாட்டில் யாரோ நடந்துபோகும் காலடிச் சத்தம். அந்தப் பழைய இரவில் இருந்த அத்தனையும் இங்கேயும் இருக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப்போகிறது, உடம்பு தன்னுடையதே இல்லை என்பதுபோல் மரத்துப்போகிறது. வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு சிரித்துப் பேசியபடி கிளம்புகிறார்கள். இவள் மட்டும் ‘யோகாகூட எனக்கு ஒத்துவரவில்லையே, என்னிடம்தான் ஏதோ கோளாறு’ என்று நொந்துகொண்டு வீட்டுக்குப் போகிறாள். அன்றிரவு தூக்கம் வராது. எதனால் என்று யாரிடமும் சொல்லவும் வராது.

அவளிடம் கோளாறு இல்லை. பெரிய ஆபத்தைக் கடந்து வந்த உடம்பு எப்போதும் காவலில் இருக்கிறது. மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஒவ்வொரு சத்தத்தையும் நிழலையும் ‘இது ஆபத்தா?’ என்று உரசிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கண்ணைத் திறந்து வைத்திருப்பதும், கதவு எந்தப் பக்கம் என்று பார்த்து வைப்பதும், முதுகைச் சுவரோடு ஒட்டி உட்காருவதும் அந்த உடம்பு தனக்குத் தேடிக்கொண்ட பாதுகாப்பு. அதை ஒரே நொடியில் கைவிடச் சொன்னால் அதையே ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. ஆசுவாசப்படுத்தும் பயிற்சியே சிலருக்குப் பதற்றத்தைக் கிளப்பிவிடும் என்பதை உளவியலாளர்கள் 1980-களிலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டிலும் இன்ஸ்டாகிராமிலும் ‘ட்ராமா ஹீலிங் யோகா’ என்று விளம்பரம் செய்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மென்மையான பயிற்சிதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்ற நினைப்புத்தான் எனக்குப் பெரிய பயத்தைத் தருகிறது.

யோகாவால் பலன் இல்லை என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டவேண்டாம். பலன் உண்டு. 2014-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் பெஸ்ஸல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. அதிர்ச்சிக்குப் பின் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் பிடிஎஸ்டி என்ற பாதிப்பு, சிகிச்சை எடுத்தும் குறையாத 64 பெண்கள் அதில் இருந்தார்கள். ஒரு பாதிப் பேருக்குப் பத்து வாரம், வாரம் ஒரு மணி நேரம் யோகா. மறு பாதிக்கு அதே அளவு நேரம் பெண்கள் உடல்நலம் பற்றிய வகுப்பு. முடிவில் மதிப்பிடப்பட்டவர்களில், யோகா செய்த 31 பேரில் 16 பேருக்கு இனி பிடிஎஸ்டி இல்லை என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் குறைந்திருந்தன. மற்ற குழுவில் 29 பேரில் 6 பேருக்குத்தான் அப்படி.

இந்தக் கணக்கைத்தான் பலரும் தங்கள் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே நடந்த வகுப்பு எப்படிப்பட்டது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். டேவிட் எமர்சன் என்பவர் 2000-களின் தொடக்கத்தில் இருந்து வான் டெர் கோல்க்கின் மையத்தில் வளர்த்தெடுத்த முறை அது. ஆசிரியர் யாரையும் தொடமாட்டார். ‘கையைத் தூக்குங்கள்’ என்று கட்டளை இடமாட்டார். ‘விருப்பம் இருந்தால் கையைத் தூக்கிப் பார்க்கலாம், வேண்டாம் என்றால் இப்படியே இருக்கலாம்’ என்பார். கண்ணை மூடவேண்டிய கட்டாயம் இல்லை. பாதியில் எழுந்துபோனால் ஏன் என்று கேள்வி இல்லை. ஆசனம் சரியாக வருகிறதா என்பது அங்கே பொருட்டே அல்ல. அதோடு, அந்தப் பெண்கள் ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆய்வின் தலைப்பிலேயே யோகாவைத் துணைச் சிகிச்சை என்றுதான் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

தன் உடம்பைத் தன் பேச்சைக் கேட்கவிடாமல் இன்னொருவர் பறித்துக்கொண்ட கணம்தான் அந்தக் காயம். ‘வேண்டாம்’ என்று சொல்லியும் நடந்தது, அல்லது சொல்லக்கூட வாய் வராத நிலையில் நடந்தது. எனவே ‘இது வேண்டாம்’ என்று சொல்வதும், அந்தச் சொல்லுக்கு மரியாதை கிடைப்பதும்தான் இந்த யோகாவில் மருந்து. கையை எவ்வளவு தூரம் தூக்கலாம், எப்போது இறக்கலாம் என்று அவளே முடிவு செய்கிறாள் பாருங்கள், ஆறுதல் அங்கேதான் தொடங்குகிறது. மாணவரை ‘வேண்டாம்’ என்று சொல்லவிடாத வகுப்பு எவ்வளவு மெதுவாக, எவ்வளவு இனிமையான இசையோடு நடந்தாலும் பழைய காயத்தைத்தான் கீறுகிறது.

நம் ஊர் வகுப்பில் என்ன நடக்கிறது? மாஸ்டர் சொன்னால் செய்யவேண்டும். முதுகில் கைவைத்து அழுத்துவார், இடுப்பைப் பிடித்துத் திருப்புவார். கேட்டுவிட்டுத் தொடும் பழக்கம் பல இடங்களில் கிடையாது. குருவை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்த நமக்கு, உடம்பு கூசினாலும் வாய் திறக்க வராது. இந்த மௌனத்தில் ஒளிந்துகொண்டவர்கள் உண்டு. உலகெங்கும் அஷ்டாங்க யோகாவைப் பரப்பிய மைசூரு பட்டாபி ஜோயிஸ், ஆசனத்தைத் திருத்துகிறேன் என்று தங்கள் உடம்பில் தகாத முறையில் கைவைத்தார் என்று பல பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 2019-ல், அவருடைய பேரன் ஷரத் ஜோயிஸே தான் அதைப் பார்த்ததாக எழுதி மன்னிப்புக் கேட்டார். ஆஸ்திரேலியாவின் மாங்க்ரோவ் மவுன்டன் யோகா ஆசிரமத்தில் 1970-களிலும் 80-களிலும் குழந்தைகள் மீது நடந்த பாலியல் கொடுமையை அந்நாட்டு அரச ஆணையம் 2014-ல் விசாரித்தது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து வாய் திறக்க எத்தனை ஆண்டு ஆயிற்று! ஆகவே, ‘தொடலாமா?’ என்று முதல் நாளே கேட்காத மாஸ்டரிடம் உங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே காயப்பட்ட பிள்ளை என்றால் இன்னும் பலமடங்கு எச்சரிக்கை வேண்டும். வெட்கத்தையும் குற்ற உணர்வையும் தூண்டி வாயை அடைப்பது அப்படிப்பட்ட பிள்ளைகளிடம்தான் சுலபம் என்று கயவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது மூச்சு. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகளைப் பற்றித்தான் இங்கே கவலை. மூச்சை வேகவேகமாக விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதட்டோரமும் மரக்கும், தலை சுற்றும், நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கும். ஆரோக்கியமான ஒருவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறந்துவிடுவார். பீதியில் வாழ்ந்து பழகியவருக்கு இந்த அறிகுறிகள் எல்லாம் பீதியின் அறிகுறிகளேதான். உடம்பு ‘மறுபடி வந்துவிட்டது’ என்று அலறத் தொடங்கும். மூச்சை உள்ளே நிறுத்திவைக்கும் கும்பகம் இன்னும் மோசம். கழுத்தை நெரித்தவன் கையில் இருந்து தப்பியவருக்கும், வெள்ளத்திலோ சுனாமியிலோ மூச்சுத் திணறி மீண்டவருக்கும் மூச்சை அடக்கச் சொல்வது கொடுமை. பைபோலார் பாதிப்பு உள்ளவர்களுக்கு வேகமான மூச்சுப் பயிற்சி மனக்கிளர்ச்சியைத் தூண்டிவிடக்கூடும். மனநல மருத்துவரைக் கேட்காமல் அதன் பக்கமே போகவேண்டாம்.

சுனாமி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நாகப்பட்டினம் மாவட்ட முகாம்களில் 2004 அலையில் தப்பிய 183 பேரிடம் மூச்சுப் பயிற்சி செய்து பார்த்த ஆய்வு 2010-ல் வெளியானது. பயிற்சி எடுத்தவர்களுக்கு அதிர்ச்சியின் அறிகுறிகள் நன்றாகவே குறைந்தன. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. நல்ல செய்திதான். ஆனால் யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யவில்லை, முகாம் வாரியாகப் பிரித்தார்கள். அதனால் அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. பயிற்சி பெற்றவர்கள் அருகில் இருந்து, அளந்து பார்த்து நடத்திய நிகழ்ச்சி அது. யூடியூபைப் பார்த்துத் தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வதற்கு அதைச் சாட்சியாகக் காட்டாதீர்கள்.

‘அழுதுவிடு, உள்ளே இருப்பது எல்லாம் வெளியே வரட்டும்’ என்று வகுப்பில் தூண்டுகிறார்களா? அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கண்ணீர் தானாக வந்தால் வரட்டும். வலிய வரவழைத்து, இருபது பேர் முன்னால் கதையைச் சொல்லவைத்து, ‘இன்று உன் காயம் கழன்றுவிட்டது’ என்று கைதட்டி அனுப்பிவிட்டால், அன்றிரவு அந்தப் பெண்ணோடு யார் இருப்பார்கள்? பழைய நினைவைத் தொட்டுப் பேசும் சிகிச்சைகளுக்கு என்று முறை இருக்கிறது. பிடிஎஸ்டிக்கு உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்த உளச்சிகிச்சைகளைப் பயிற்சி பெற்றவர்கள்தான் தருகிறார்கள். இருநூறு மணி நேர யோகா ஆசிரியர் சான்றிதழ் அந்தப் பயிற்சி ஆகாது.

மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு எல்லாம் வரலாம். அடியில் இருந்த நோயும் திரும்பி வரலாம். குறைப்பதாக இருந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

நம் குடும்பங்களைப் பற்றியும் பேசியாகவேண்டும். பெண் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாராவது பின்னால் வந்தால் துள்ளி விழுகிறாள். பெற்றோருக்குத் தெரிகிறது. மனநல டாக்டரிடம் போனால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்கும் என்று பயம். யோகா வகுப்பு கௌரவமானது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதனால் அங்கே அனுப்புகிறார்கள். ‘மனசு சரியானால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஆறு மாதம், ஒரு வருடம் ஓடிவிடுகிறது. என்ன நடந்தது என்று அவளிடம் ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்டார்களா? தொட்டவன் உறவுக்காரன் என்றால் அவன் இன்னும் வீட்டு விசேஷங்களுக்கு வந்துகொண்டிருக்கிறான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவனுக்குச் சோறு பரிமாறிக்கொண்டே காலையில் நாடிசுத்தி மூச்சுப் பயிற்சி செய்தால் எந்தக் காயம் ஆறும்?

அடிக்கும் கணவனோடு இருக்கும் பெண்ணுக்கும் இதேதான். நடந்து முடிந்த கொடுமைக்குத்தான் ஆறுதல் தேடமுடியும். இன்றைக்கும் நடக்கிறது என்றால் அவள் உடம்பு பதறுவது நோயே அல்ல, சரியான எச்சரிக்கை. அதை அமைதிப்படுத்தாதீர்கள், அவளை அங்கிருந்து வெளியே கொண்டுவர வழி பாருங்கள். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

இத்தனைக்கும் பிறகு யோகா வேண்டும் என்று தோன்றினால், தாராளமாகத் தொடங்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றியிருக்க, கண்ணைத் திறந்துகொண்டு தொடங்குங்கள். கதவு கண்ணில் படும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். தோளைச் சுழற்றுவது, கையை நீட்டி மடக்குவது, பாதத்தைத் தரையில் அழுத்துவது, இவ்வளவு போதும், ஐந்து நிமிடம் போதும். மூச்சை அடக்கவேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம், வெளியே விடும் மூச்சைக் கொஞ்சம் நீளமாக விட்டுப் பாருங்கள், அதுவும் பிடித்தால் மட்டும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், சாந்தியாசனம், மூச்சுப் பயிற்சி, நாமஜெபம் ஆகியவற்றை மருத்துவத்தோடு சேர்த்தே பயன்படுத்தினார். இந்துவுக்கு ஓம், கிறிஸ்தவருக்கு இயேசுவின் பெயர், முஸ்லிமுக்கு அவர்கள் ஓதும் சொல் என்று அவரவர் வழக்கத்தை அவரவருக்கே விட்டார். குண்டு விழுந்த மண்ணில் செய்த வேலை அது. நம் ஊரிலும் ஆசிரியர்கள் இதைக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டவர் சிலர் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண்பது கடினம் இல்லை. ‘சவாசனத்தில் நான் உட்கார்ந்தே இருக்கலாமா மாஸ்டர்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘தாராளமா இருங்கம்மா’ என்று காரணம் கேட்காமல் சொல்கிறாரா, ‘எல்லாரும் படுக்கறாங்க, நீங்க மட்டும் என்ன?’ என்கிறாரா என்பதிலேயே தெரிந்துவிடும்.

வகுப்பின் நடுவே பழைய நினைவு பாய்ந்து வந்தால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கவேண்டாம். கண்ணைத் திறங்கள், எழுந்து உட்காருங்கள், பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். அறையில் கண்ணில் படும் பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லுங்கள்: மின்விசிறி, ஜன்னல், நீலப் பாய், காலண்டர். இன்றைய தேதியைச் சொல்லுங்கள். வெளியே போகத் தோன்றினால் யாரிடமும் அனுமதி கேட்காமல் போங்கள். பக்கத்துப் பாயில் இருப்பவருக்கு இப்படி ஆவதைப் பார்த்தால் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள்.

வகுப்பில் யாராவது தகாத முறையில் தொட்டிருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பெண்கள், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தரலாம்; பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் சின்ன நிலையம் என்றாலும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு அதை விசாரிக்கும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் போக்சோ சட்டம் இருக்கிறது.

தூக்கம் பல வாரமாகக் கெட்டிருந்தாலும், கெட்ட கனவும் திடுக்கிடலும் நிற்காவிட்டாலும், குடியில் இறங்கி மறக்கப் பார்த்தாலும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். விபத்தைப் பார்த்த டிரைவர்களும் அலையில் பிள்ளையை இழந்த மீனவர்களும் ‘ஆம்பளைக்கு என்ன’ என்று ஒதுங்கவேண்டாம். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும், இலங்கையில் 1926. செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும் நாளைய வகுப்பு வரை காத்திருக்காதீர்கள், இப்போதே கூப்பிடுங்கள்.