அச்சிற்கேற்ற கோட்டுருவம்

நமது கல்லூரி மலர் அச்சேறுங்கால் ஒரு குறை அடிக்கடி எழுவதுண்டு. கடிதத் தலைப்பிற் சிறிதாய்த் தெளிவுற விளங்கும் முத்திரை, அட்டையிற் பெரிதாகியவுடன் ஓரஞ் சிதைந்து படிக்கட்டுப் போலத் தோன்றுகின்றது. காரணம் யாது? ஜேபெக் கோப்பு, படத்தைப் புள்ளிகளின் தொகையாகவே கொள்கின்றது. பெரிதாக்கினால் அப்புள்ளிகளே பருமனடையும். ஈ.பி.எஸ்., எஸ்.வி.ஜி. கோப்புகளிற் பொதியும் கோட்டுருவமோ, கோடு எங்குத் தொடங்கி எவ்வாறு வளைந்து எங்கு முடியும் என்னுங் கணக்கேயாம். வேண்டும் அளவிற்கு அதனைப் புதிதாய் வரைந்துகொள்ளலாம்.

இவ்வளைகோட்டுக் கணக்கைப் பரப்பியவர் பிரான்சு நாட்டு ரெனோ மோட்டார் நிறுவனத்துப் பொறிஞர் பியர் பெசியே. கார்க் கூட்டின் வளைவுகளைக் குறிக்கவே அவர் அதனைக் கையாண்டார். லாரிக்குக் கூடு கட்டும் நாமக்கல்லார்க்கு இஃது உவப்பான செய்தியன்றோ! 1984-இல் அடோபி நிறுவனத்தில் உருவான போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி அவ்வளைவுகளை அச்சிற்குக் கொணர்ந்தது.

எழுத்திற்கும் இஃது ஒக்கும். 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரினின்று தரங்கம்பாடி மிஷனுக்கு வந்த தமிழ் அச்செழுத்துக்கள் மிகப் பெரியனவாய்த் தாளை மிகுதியும் விழுங்கின. ஆதலின் சீகன்பால்கு முதலியோர் சிறிய எழுத்துக்களை இந்நாட்டிலேயே வேறாக வார்ப்பிக்க நேர்ந்தது. இன்றோ ஒரே வரைவு எல்லா அளவிற்கும் உதவும். எனினும் எழுத்துருவைக் கோப்பினுட் பொதியாது சேலத்து அச்சகத்திற்கு அனுப்பி, அங்குள்ள கணினியில் அவ்வெழுத்துரு இல்லையாயின், தமிழ் உருக்குலைந்துவிடும். எழுத்துரு பொதிந்த பி.டி.எப். கோப்பே தக்கது. எழுத்தைக் கோட்டுருவாக மாற்றியும் அனுப்பலாம். ஆனாற் பின்னர்ப் பிழை திருத்தல் எளிதன்று, மூலக்கோப்பை அழித்தலாகாது. ஜேபெக் படத்தை ஈ.பி.எஸ். கோப்பினுள் வைத்தமையாலேயே அது கோட்டுருவமாகிவிடாது. புள்ளிகள் உள்ளே புள்ளிகளாகவே கிடக்கும்.