ஐந்து பேர் சேர்ந்தால்தான் வகுப்பு

முதலாம் ஆண்டுப் பதிவுக்கான கெடு நெருங்க நெருங்க, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் எழுதும் கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பூலாவ் செபாங் என்று ஊர் மாறுகிறதே தவிர கேள்வி மாறவில்லை. தமிழ்ப்பள்ளியில் சேர்க்கப் போனோம், தலைமையாசிரியர் அன்பாகத்தான் பேசினார், ஆனால் “இங்கே வகுப்பு இல்லை, பக்கத்து எஸ்.கே.யில் (தேசியப் பள்ளியில்) கேளுங்கள்” என்று அனுப்பிவிட்டார், இது சரியா என்பதுதான் கேள்வி.

ஆட்டிசம் என்றால் என்ன, எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பெற்றோருக்கு நன்றாகவே தெரியும். பலர் மலாக்கா மருத்துவமனைக்கு அலைந்து முடித்து, ஓகேயு எனும் மாற்றுத்திறனாளி அட்டையும் எடுத்துவிட்டவர்கள். அதனால் நேராக அந்த ‘இல்லாத வகுப்பு’க்கே போவோம்.

அந்த வகுப்புக்குப் பெயர் பி.பி.கே.ஐ. பொதுப்பள்ளி வளாகத்துக்குள்ளேயே தனியாக நடக்கும் சிறப்புக் கல்வி வகுப்பு அது. ஒரு பள்ளி அதைத் தொடங்க வேண்டுமானால் குறைந்தது 5 மாணவர்கள், பயிற்சி பெற்ற ஆசிரியர், பொருத்தமான அறை ஆகிய மூன்றும் வேண்டும். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு பிள்ளைக்காக ஓர் ஆசிரியரை அனுப்ப முடியாது என்பது யாருக்கும் புரியும்.

இந்த விதி ஒரு தோட்டப் பள்ளிக்குள் நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மலாக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தெபோங், காடேக், சுங்கை பாரு, புக்கிட் அசகான் என்று செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவே சிதறிக் கிடப்பவை பல. 150 மாணவர்களுக்குக் குறைந்தால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்பது அமைச்சின் கணக்கு. அறுபது, எழுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், கற்றல் குறைபாடு என்று சான்று பெற்ற ஐவர் ஒரே நேரத்தில் எப்படி இருப்பார்கள்? ஒருவர் இருப்பார், மிஞ்சிப் போனால் இருவர்.

அந்த ஒருவரை எஸ்.கே.க்கு அனுப்புகிறார்கள். அடுத்த ஆண்டு இன்னொருவர் வருகிறார், அவரும் போகிறார். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையும் அங்கேதான் போகிறது. எஸ்.கே.யில் எண்ணிக்கை ஏறுகிறது, இரண்டாவது வகுப்பும் இரண்டாவது ஆசிரியரும் கிடைக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியின் கணக்கில் என்றும் பூஜ்யம்தான். கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு, தமிழ்ப்பள்ளிகளில் இப்படி ஒரு தேவையே இல்லை என்றுதான் தெரியும். தேவை இருந்தது. ஒவ்வொரு முறையும் அது பதிவாகும் முன்பே வெளியே அனுப்பப்பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. தலைமையாசிரியர் பிள்ளையின் நன்மைக்காகவே சொல்கிறார், அதிகாரி விதிப்படி நடக்கிறார். ஆனாலும் நாட்டில் பி.பி.கே.ஐ. நடத்தும் தமிழ்ப்பள்ளிகள் சிலவாகவே நின்றுவிட்டதற்கு இந்தச் சுழற்சி ஒரு பெரிய காரணம் என்றே கருதுகிறேன்.

அறை விஷயமும் லேசானதல்ல. தோட்டப் பள்ளிகள் பல, அரசின் பகுதி உதவி மட்டும் பெறுபவை. நிலம் தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருந்தால், புதிதாக ஓர் அறை கட்ட முதலில் அவர்கள் தலையசைக்க வேண்டும்.

இதில் நட்டப்படுவது பிள்ளையின் பேச்சு. ஐந்து வயது வரை வாய் திறக்காதவன் “பாட்டி தண்ணி” என்று இரண்டு சொல் சேர்க்கத் தொடங்கிய நேரத்தில், நாள் முழுக்க மலாய் மட்டுமே கேட்கும் வகுப்புக்குப் போகிறான். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு கெட்டுப்போவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆகவே “வீட்டில் தமிழை நிறுத்துங்கள்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மலாய் வருவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. அவன் பேசக் கற்றுக்கொண்டிருக்கும் மொழி பள்ளியில் ஒரு மணி நேரம்கூட இல்லாமல் போவதுதான் கவலை.

‘ஜீரோ ரிஜெக்ட்’ கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். இருக்கிறது. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் கல்வி முறையிலிருந்து விலக்கக்கூடாது என்பதே அதன் பொருள். நீங்கள் விரும்பும் பள்ளி உங்கள் பிள்ளையை ஏற்றே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. வேறு பள்ளிக்கு மாற்றினால் அது நிராகரிப்புக் கணக்கில் வராது. 2013 – 2025 கல்விப் பெருந்திட்டம், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் 75 விழுக்காட்டினரை ‘உள்ளடங்கிய கல்வி’யில் சேர்ப்பதாக இலக்கு வைத்ததையும் இப்படித்தான் படிக்க வேண்டும். புறப்பாட நடவடிக்கைக்கு மட்டும் மற்ற பிள்ளைகளோடு சேர்வதும் அதில் ‘பகுதி’ இணைப்புதான்.

சட்டத்தின் தராசும் சமமாக இல்லை. தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிள்ளைக்கு வேண்டிய வசதி, பாடப்பொருள், கற்பிக்கும் முறை ஆகியவற்றைத் தர வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 28ஆம் பிரிவில் சொல்கிறது. தராவிட்டால் தண்டனை என்ன? எதுவும் இல்லை. அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுப்பதையும் அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு தடுக்கிறது.

அப்படியானால் பெற்றோர் என்னதான் செய்வது? முதலில், தமிழ்ப்பள்ளியில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எழுத்தில் விண்ணப்பியுங்கள், நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள், ஒரு பிரதியை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பிள்ளை கடைசியில் எஸ்.கே.க்கே போனாலும், தமிழ்ப்பள்ளியில் இடம் கேட்ட ஒரு பிள்ளை இருந்தது என்பதற்கு அந்தத் தாள் சாட்சி.

அடுத்து, பி.பி.கே.ஐ. இல்லாத பள்ளியிலும் பிள்ளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கலாம். 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகள் உள்ளடங்கிய கல்வியை அரசாங்கப் பள்ளிகளுக்கும் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளுக்கும் சேர்த்தே வரையறுத்திருக்கின்றன. பன்னிரண்டு பேர் உள்ள அமைதியான தோட்டப் பள்ளி வகுப்பு, நாற்பது பேரின் இரைச்சலைவிட இந்தப் பிள்ளைக்கு எவ்வளவோ நல்லது. சின்னப் பள்ளியின் குறை என்று நாம் வருந்துவது இங்கே அதன் பலம். துணைக்கு ஆள் இல்லாமல் ஓர் ஆசிரியரே எல்லாவற்றையும் சுமக்க நேரும் என்பதும் உண்மைதான். அதையும் கடிதத்தில் எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது வழி பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் கையில் இருக்கிறது. ஐந்து என்பது பள்ளிவாரியான கணக்கு. ஜாசின் மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் ஒன்றுகூடி, அறை வசதியுள்ள ஒரு பள்ளியைத் தேர்ந்து, எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் அங்கே பதிந்தால் ஐந்தைத் தொட முடியும். வேன் செலவு தனிச் சுமை. சிறப்புத் தேவையுள்ள மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு, ஓரளவு அது தாங்கும். சங்கங்கள் இந்த ஆண்டே இதற்காக ஒரு கூட்டம் போட வேண்டும்.

பிள்ளை எங்கே சேர்ந்தாலும் ஆர்.பி.ஐ. எனப்படும் தனியாள் கல்வித் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ‘நடத்தையை மேம்படுத்துதல்’ என்று ஒரு வரி இருந்தால் அதை யாரும் அளக்க முடியாது. ‘மணி அடிக்கும் முன் ஆசிரியர் படஅட்டை காட்டுவார், காதைப் பொத்திக்கொண்டாலும் பரவாயில்லை, ஐந்து முறையில் மூன்று முறை தானாக வரிசைக்கு வருவான், மார்ச் இறுதியில் பார்ப்போம்’ என்று இருந்தால், செய்ய வேண்டியவர் யார், எப்போது கேட்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

தனியார் நிபுணரின் சான்று செல்லுமா? செல்லும், அரசாங்கச் சேவையில் இருப்பவராக இருக்க வேண்டியதில்லை என்று விதிமுறையே சொல்கிறது.

சேர்த்த பிறகு திருப்பி அனுப்புவார்களா? மூன்று மாதத்துக்கு மிகாத சோதனைக் காலம் உண்டு. அந்த நாட்களில் பள்ளி சொல்வதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

சமூக நல இலாகாவின் பி.டி.கே. மையம் போதாதா? அது மறுவாழ்வு மையம், பள்ளிக்கு ஈடாகாது.

ஏழு வயது தாண்டிவிட்டது, இனி முடியாதா? முடியும், தொடக்கப்பள்ளிச் சிறப்புக் கல்வியில் 14 வயது வரை படிக்கலாம்.