கண்ணால் தரம் காண முடியாத சரக்கு

பட்டுச் சேலையைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அதன் எடையையும் சரிகையின் தரத்தையும் சொல்லிவிடும் அனுபவசாலிகள் நம்மிடையே பலர் உண்டு. ஆனால் அந்தப் பட்டுக்கு மூலமான முட்டையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கூடு வாங்கி விற்போரும், புழு வளர்க்கும் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுப்போரும் நம்மில் இருக்கின்றனர். ஆகவே முட்டை எடுக்கும் முறையை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

வீட்டில் முட்டை எடுக்கும் முறை

கெட்டியான, ஒரே அளவுள்ள கூடுகளாகப் பத்துப் பதினைந்து தேர்ந்துகொள்ள வேண்டும். இரட்டைக் கூடுகளையும் கறை படிந்தவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். மூங்கில் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில் வைக்கலாம். எறும்பு, பல்லி அண்டாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

புழு கூடு கட்டத் தொடங்கிய சுமார் இரண்டு வாரத்தில், அதிகாலை வேளையில் அந்துப்பூச்சி வெளிவரும். வாயில் சுரக்கும் நீரால் கூட்டின் ஒரு முனையை இளக்கித் துளைத்துக்கொண்டு வரும். நல்ல வெண்பட்டுக் கூட்டில் சுமார் 1,000 மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை ஓடுகிறது. துளைபட்ட கூட்டில் அது அறுந்துவிடுவதால் நூற்புப் பட்டுக்குத்தான் உதவும். முட்டைக்காக ஒதுக்கும் ஒவ்வொரு கூடும் நூலுக்கு நஷ்டமே என்பதை வணிகர்கள் அறிவது நல்லது.

இந்தப் பூச்சி பறக்காது, உண்ணவும் செய்யாது. வயிறு பருத்தது பெண். மெலிந்து, சிறகடித்துச் சுற்றிவருவது ஆண். இரண்டையும் சேர்த்து மூன்று நான்கு மணி நேரம் விட்டபின், மெல்லத் திருகிப் பிரிக்க வேண்டும். பெண் பூச்சியைக் கெட்டிக் காகிதத்தில் வைத்து, துளையிட்ட டப்பாவால் மூடி இருட்டில் வைத்தால், மறுநாளைக்குள் 400 முதல் 500 முட்டைகள் வரை இடும். ஒரு தாய்ப்பூச்சி இட்ட முட்டைகள் சேர்ந்தது ஒரு 'முட்டைத் தொகுதி'.

முட்டை இட்டபோது மஞ்சளாக இருக்கும். வெண்பட்டு இன முட்டைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் கரும்பழுப்பாகி உறக்கநிலைக்குப் போய்விடும். குளிர்பதனமோ, ஹைட்ரோகுளோரிக் அமில நேர்த்தியோ இல்லாமல் அவை உடனே பொரிக்கா. கருவுறாத முட்டை நிறம் மாறாது.

பிள்ளைகளுக்குக் காட்ட இவ்வளவு போதும். விற்பனைக்கு இது போதாது. ஏன் என்பதைச் சரித்திரம் சொல்கிறது.

பிரான்சு கண்ட நஷ்டம்

1853-ல் சுமார் 26,000 டன் கூடு விளைந்த பிரான்சில், 1865-ல் சுமார் 4,000 டன்தான் கிடைத்தது. காரணம் பெப்ரின் என்னும் நோய். மிளகுத்தூள் தூவியதுபோல் புழுவின் உடலில் புள்ளிகள் தோன்றி, வளர்ப்பு முழுவதும் பாழாகும். முட்டை வணிகர்கள் நோயில்லாத முட்டை தேடி ஜப்பான் வரை சென்றனர். ஆனால் நோயுள்ள முட்டையும் நல்ல முட்டையும் பார்வைக்கு ஒன்றே.

1865-ல் அரசின் வேண்டுகோளை ஏற்று லூயி பாஸ்டர் இந்த ஆய்வில் இறங்கினார். நோய் தாயிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்குச் செல்கிறது என்று நிறுவினார். அவர் வகுத்த வழி எளியது. ஒவ்வொரு பூச்சியையும் தனித்தனியே முட்டையிடவிட்டு, பிறகு தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நீள்வட்டமான பளபளக்கும் வித்துக்கள் தெரிந்தால், அந்தத் தொகுதியை எரித்துவிட வேண்டும். நம் நாட்டு முட்டை வித்தகங்களில் இன்றும் தாய்ப்பூச்சிப் பரிசோதனையே அடிப்படை. 'நோயற்ற முட்டைத் தொகுதி' என்ற பெயர் அதனால்தான்.

நாம் கவனிக்க வேண்டியவை

இரண்டாவது காரணமும் உண்டு. சந்தைக்கு வரும் கூடுகள் பெரும்பாலும் கலப்பினம். அவற்றிலிருந்து எடுத்த முட்டையில் அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது. கூட்டின் அளவும் இழையின் தரமும் மாறுபடும். நூல் எடுப்பவர் விலையைக் குறைப்பார். ஆதலால்தான் வித்தகங்கள் பெற்றோர் இனங்களைத் தனித்தனியே பேணிவருகின்றன.

மத்திய பட்டு வாரியச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டுத் திருத்தம், வணிகத்துக்காகப் பட்டு முட்டை உற்பத்தி செய்வோர் பதிவு பெற வேண்டும் என்று விதிக்கிறது. எனவே மலிவாகக் கிடைக்கிறதென்று பரிசோதிக்காத முட்டையை நம் வாடிக்கை விவசாயிகளுக்கு வாங்கிக் கொடுப்பதோ, சிபாரிசு செய்வதோ வேண்டாம். முட்டையில் மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாய். வளர்ப்பு தவறினால் மல்பெரி இலையும், ஒரு மாத உழைப்பும், நாம் கொடுத்த முன்பணமும் சேர்ந்து போகும்.

அரிசியை வாயில் போட்டுப் பார்க்கலாம். பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். முட்டைக்கு அந்த வழியில்லை. தாயைச் சோதித்தவரின் சீட்டைப் பார்த்தே வாங்க வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.