திகதி பிழைத்தால் காட்சி பொய்யாகுமா?

பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர்களில் பிழை பிடிப்பது அந்த நாட்டுப் பார்வையாளர்களின் பழைய பழக்கம். ‘டவுன்டன் அபி’ தொடரின் கதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடக்கிறது. 2014 ஆகஸ்டில் அதற்காக வெளிவந்த விளம்பரப் படமொன்றில் நடிகர்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் நின்றது. ஊர் உலகமெல்லாம் சிரித்தது. கதைதானே, யாருக்கும் நட்டமில்லை.

அதே நாட்டுத் தொலைக்காட்சியில் எங்கள் வன்னியைப் பற்றி வந்த காட்சிகளிலும் பிழை பிடித்தார்கள். அந்த விவாதம் வருடக்கணக்கில் நடந்தது. அதில் பேசப்பட்டவை மனித உயிர்கள்.

2009 ஆகஸ்ட் 25 அன்று சனல் 4 செய்தியில் சிறிய காணொளியொன்று ஒளிபரப்பானது. கைகள் பின்னால் கட்டப்பட்டு, உடுப்பில்லாமல் இருத்தப்பட்ட ஆண்களைச் சீருடைக்காரர்கள் சுடுகிறார்கள். நாட்டைவிட்டு வெளியேறிய ஊடகவியலாளர்களின் அமைப்பொன்று அதைக் கொடுத்தது. அந்த ஆண்டு ஜனவரியில் கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டதென்றது. இலங்கை அரசு உடனேயே போலி என்றது. செப்டெம்பரில் அரசு அமர்த்திய நால்வர் அதையே நிபுணர் கருத்தாகச் சொன்னார்கள்: இது கைத்தொலைபேசிப் படமல்ல, ஒலியும் படமும் பொருந்தவில்லை.

இந்த வாதங்களை வெறுமனே ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கோப்பில் பதிவாகியிருந்த திகதி 2009 ஜூலை 17. யுத்தம் முடிந்ததோ மே மாதம். முடிவில் 17 படச்சட்டங்கள் முந்திய காட்சியோடு ஒட்டாமல் நின்றன. சுடப்பட்டுக் கிடந்தவர்களில் சிலரிடம் அசைவு தெரிந்தது. இவற்றைக் கேள்வியாகக் கேட்க யாருக்கும் உரிமையுண்டு. ஒரு காட்சியை வைத்து ஒருவரைக் கொலைகாரன் என்று சொல்லப்போகிறோமென்றால், அந்தக் காட்சியை எத்தனை தரமும் உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

உரசிப் பார்த்தவர் பிலிப் அல்ஸ்டன், அப்போதைய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர். அவர் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டார்: ஒருவர் தடயவியல் மருத்துவர், ஒருவர் துப்பாக்கிச் சூட்டு நிபுணர், மற்றவர் காணொளி நிபுணர். 2010 ஜனவரியில் முடிவு வெளிவந்தது. துப்பாக்கி பின்னுதைத்த விதமும் குழல்வாயில் வெளிவந்த வாயுவும் உண்மையான ரவையோடுதான் பொருந்தும், வெற்று ரவையோடு பொருந்தாது என்றார் ஒருவர். கிட்டவைத்துத் தலையில் சுடப்பட்டவர்களின் உடல் அசைந்த விதத்திலும் இரத்தத்திலும் மற்றவருக்குச் சந்தேகமில்லை. காட்சியின் தொடர்ச்சி உடைக்கப்பட்டதற்கோ, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டப்பட்டதற்கோ அடையாளம் இல்லை என்றார் காணொளி நிபுணர். திகதியும் அந்த 17 சட்டங்களும் அவர்களுக்கும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்றே எழுதினார்கள். ஆனால் காணொளி உண்மையானது என்ற முடிவை அவை அசைக்கப் போதாது என்றார் அல்ஸ்டன். அந்த அறிக்கையில் நான் மிகவும் மதிப்பது இந்த நேர்மையைத்தான். தெரியாததை மறைக்காதவர் தெரிந்ததைச் சொல்லும்போது நம்பலாம்.

அடுத்தது 2011 ஜூன் 14. கலம் மக்ரே இயக்கி, ஜோன் ஸ்னோ வழங்கிய ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ அன்றிரவு ஒளிபரப்பானது. தொடக்கத்திலேயே எங்கள் கிளிநொச்சி வருகிறது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் வெளியேறும்போது சனம் வாசலில் நின்று போகாதேயுங்கோ என்று மன்றாடிய காட்சி அது. தப்பியோட முயன்றவர்களைப் புலிகள் சுட்டதையும் அந்தப் படம் சொன்னது. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஒஃப்கொம் நிறுவனத்துக்கு முறைப்பாடுகள் போயின. அங்கே செய்தியறிக்கைக்கு ‘உரிய துல்லியம்’ வேண்டும் என்பது ஒரு விதி. மற்ற உண்மைசார் நிகழ்ச்சிகளுக்கு வேறு விதி: பார்ப்பவரைப் பாரதூரமாகத் தவறாக வழிநடத்தக் கூடாது. பக்கச்சார்பையும் சேர்த்து ஆராய்ந்து, விதிமீறல் இல்லை என்று அதே ஆண்டு ஒக்டோபரில் ஒஃப்கொம் தீர்ப்புச் சொன்னது.

ஜெனீவா பேசியது, லண்டன் பேசியது, கொழும்பும் பேசியது. உருத்திரபுரத்தில் அப்போது நாங்கள் மீளக்குடியமர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். இந்தக் காட்சிகளில் பிழை இருக்கிறதா என்று எங்களைக் கேட்டிருந்தால், ஆய்வுகூடம் இல்லாமலே சில விடயங்களைச் சொல்லியிருப்போம்.

கரடிப்போக்குச் சந்தியில் இருந்து மேற்கே வரும் இந்த வயல் ஊரை 2008இன் கடைசி மாதங்களில் விட்டு வெளிக்கிட்டோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். இந்த வரிசை அன்றைக்குப் பத்து வயதாயிருந்த பிள்ளைக்கும் மனப்பாடம். ஏப்ரல் 20ஆம் திகதி இராணுவம் மாத்தளன், பொக்கணைப் பக்கத்தால் உடைத்து வந்தபோது ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இராணுவத்தின் பக்கம் போய்விட்டார்கள். ஆகவே மாத்தளன் ஆஸ்பத்திரி என்று பேர்போட்டு மே மாதத் திகதியோடு ஒரு படம் வந்தால், பேர் பிழை அல்லது திகதி பிழை. மே மாதத்தில் ஆஸ்பத்திரி முள்ளிவாய்க்காலில்.

பங்கரைப் பார்த்தும் சொல்லலாம். எங்கள் பக்கத்து இறுகிய மண்ணில் வெட்டினால் சுவர் நிற்கும். கடற்கரை மணலில் வெட்ட வெட்டச் சரியும். அதனால்தான் மாத்தளனுக்குப் போன பிறகு பெண்கள் கலியாணச் சாறியையும் கிழித்துப் பை தைத்து மணல் நிரப்பி அடுக்கினார்கள். பட்டுக்கரையோடு மணல்மூட்டை தெரிகிற படத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு இடமும் மாதமும் பிடிபட்டுவிடும். வெள்ளத்தில் கொட்டில்கள் நிற்கும் படமென்றால் முதலில் 2008 நவம்பர் கடைசியில் அடித்த நிஷா புயலைத்தான் நினைப்போம். கைத்தொலைபேசியின் மணிக்கூட்டை யாரும் பிழையாக வைக்கலாம். மண்ணையும் மழையையும் அப்படி மாற்றிவைக்க ஏலாது.

பிழை பிடிக்கப் புறப்பட்டவர்கள் பெரிய பிழையைப் பிடிக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை. 2009 பெப்ரவரியில் வன்னிக்குள் எஞ்சியிருப்பவர்கள் 70,000 பேர்தான் என்று அரசு தரப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் எண்ணப்பட்டவர்கள் இரண்டே முக்கால் இலட்சத்துக்கும் மேல். உணவும் மருந்தும் அனுப்புவது ஆள்தொகையைப் பார்த்துத்தான். காணொளியின் 17 சட்டங்களுக்காகச் செலவழித்த ஆராய்ச்சியில் ஒரு பங்கையாவது அந்த எண்ணிக்கைக்கும் செலவழித்திருக்கலாம்.

அரசே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழு 2011 டிசெம்பரில் வெளிவந்த அறிக்கையில் சனல் 4 காட்சிகளைப் பற்றித் தொழில்நுட்பச் சந்தேகங்களை எழுப்பியது. எழுப்பிய பிறகும், உண்மையைக் கண்டறியச் சுயாதீன விசாரணை வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. சந்தேகம் வந்தால் அடுத்த வேலை விசாரணை என்பது அந்த ஆணைக்குழுவுக்கே விளங்கியிருக்கிறது. சந்தேகத்தைச் சொல்லிக் கோப்பை மூடுவது அநியாயம்.

எங்கள் பக்கத்திலும் குறையுண்டு. வேறு நாட்டு யுத்தப் படங்களையும், வேறு வருடத்துப் படங்களையும் முள்ளிவாய்க்கால் என்று பேர்போட்டுப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உணர்ச்சியில் செய்வதாக இருக்கலாம். அது போலி என்று நிரூபணமாகும் நாளில், உண்மையான படத்துக்கும் சேர்த்துத்தான் அடி விழும். ஒரு தாயின் கையில் இருக்கும் உண்மையான படத்தை அந்தப் போலி செல்லாக்காசு ஆக்கிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வெளிநாட்டில் இருந்து படமெடுக்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒளிபரப்புக்கு முன்னால் இந்த ஊர்ச் சனத்தில் நாலுபேரை இருத்தி ஒருதரம் போட்டுக் காட்டுங்கள். இடப்பேரும் மாதமும் அங்கேயே திருத்தப்பட்டுவிடும்.

வாசிக்கிற நீங்கள் வன்னியால் வந்தவராக இருந்தால், இந்தக் கிழமையே ஒரு கொப்பியை எடுத்து, எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்கு எப்போது போனீர்கள், கூட யார் வந்தார்கள் என்று எழுதுங்கள். கையில் படம் இருந்தால் அதன் பின்பக்கத்தில் இடத்தையும் திகதியையும் குறித்துவையுங்கள். நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமில்லை என்றே எழுதுங்கள்.