இறக்கை நுனிக்கு யார் விசில் அடிப்பது?

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பஸ் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் கண்ணாடியைப் பார்ப்பதைவிட கண்டக்டரின் விசிலைத்தான் அதிகமாக நம்புவார். "வரலாம்... வரலாம்..." என்று பின்னாடி நின்று பஸ்ஸைத் தட்டிக்கொண்டே வருவார் கண்டக்டர். பக்கத்துப் பஸ்ஸுக்கும் இதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி இருக்கும். ஆனாலும் இடிக்காது.

இப்போது 2024 மார்ச் 27-க்கு வருவோம். கொல்கத்தா விமான நிலையத்தில் சென்னைக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று, ரன்வேயில் ஏற அனுமதிக்காகக் காத்து நிற்கிறது. தர்பங்காவுக்குப் போகும் இண்டிகோ விமானம் அதைக் கடந்து போகும்போது இதன் இறக்கை அதன் இறக்கையில் உரசுகிறது. நின்றிருந்த விமானத்தின் இறக்கை நுனியில் ஒரு துண்டு உடைந்து டாக்ஸிவேயிலேயே விழுந்தது. யாருக்கும் காயமில்லை. இரண்டு விமானங்களும் திரும்பிப் போயின. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இண்டிகோ விமானிகள் இருவரையும் பணியிலிருந்து விலக்கி வைத்து விசாரணைக்கு உத்தரவிட்டது.

செய்தி படித்தவுடன் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "அவ்வளவு பெரிய இடத்தில், மெதுவாகப் போகும்போது, எப்படிங்க இடிக்கும்?"

விமானி உட்கார்ந்திருக்கும் இடத்தை யோசித்துப் பாருங்கள். அவர் மூக்கில் இருக்கிறார். ஏர்பஸ் ஏ320-இன் இறக்கை அகலம் நுனிக்கு நுனி 35.8 மீட்டர். அதாவது நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 18 மீட்டர். இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் நுனி அவருக்கு ரொம்பப் பின்னால் இருக்கிறது. சில விமானங்களில் கழுத்தை நன்றாகத் திருப்பினால் தன் பக்கத்து நுனி கொஞ்சம் தெரியும். மறுபக்கத்துக்குத் துணை விமானிதான் கண். சில பெரிய விமானங்களில் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினால்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தில் அதை யார் செய்வார்?

அதனால் விமான நிலையங்கள் வேறு வழி பிடித்தன: கோடு. டாக்ஸிவே நடுவில் போகும் மஞ்சள் கோட்டில் முன்சக்கரத்தை வைத்துப் போனால், இறக்கை எதிலும் படாத அளவுக்கு இடம் விட்டுத்தான் மொத்தத் தளத்தையும் வரைகிறார்கள். சர்வதேச விதிகளில் இறக்கை அகலத்தை வைத்து விமானங்களுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்து உண்டு. 24 மீட்டரிலிருந்து 36 மீட்டருக்குள் இருந்தால் 'சி'. ஏ320, 737 இரண்டும் இந்த 36-ஐ ஒட்டியே நிற்பது தற்செயல் இல்லை. போயிங் 777-9 இன்னும் ஒரு படி மேலே போய், தரையில் நுனியையே மடித்துக்கொள்கிறது. 71.75 மீட்டர் 64.85 ஆகிவிடும், 65-க்குள் அடங்கிவிடும். நம்ம வீட்டுக் கேட்டுக்காக காரின் கண்ணாடியை மடக்குவது போலத்தான்!

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. நான் கோட்டில் சரியாகப் போனால் மட்டும் போதாது. பக்கத்தில் நிற்பவரும் அவருடைய இடத்தில் சரியாக நிற்க வேண்டும். அவர் சில மீட்டர் முன்னாலேயே பிரேக் போட்டு நின்றுவிட்டால், அவருடைய வால் என் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். கோடு இதைச் சொல்லாது. கோபுரத்தில் இருக்கும் கன்ட்ரோலர் எந்த வழி, யாருக்குப் பின்னால் என்று சொல்லலாம். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு மீட்டர் இடைவெளியை அவரால் அளந்து சொல்ல முடியாது. கடைசியில் "போகுமா, போகாதா" என்பது விமானியின் கண் மதிப்புதான்.

திரும்பும்போது இன்னொரு தொல்லை. நீளமான பஸ் வளைவில் ஒரு பக்கம் திரும்பினால் அதன் பின்பகுதி எதிர்ப்பக்கம் வெளியே வீசும், கவனித்திருக்கிறீர்களா? பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையும் அப்படித்தான். வளைவின் வெளிப்பக்க நுனி, நேராகப் போகும்போது பிடிக்கும் இடத்தைவிட அதிகம் பிடிக்கும். நேரில் கண்ணால் போட்ட கணக்கு வளைவில் தப்பாகிவிடும்.

இதெல்லாம் உரசல் வகை. ரன்வே ஓரத்துக்கு வந்தால் கதையே வேறு. கொல்கத்தா சம்பவம் நடந்த அதே மார்ச் 27-இல், 1977-இல், டெனெரிஃபில் பனிமூட்டத்தில் இரண்டு 747-கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை உண்மையான அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது என்று ஆனது. 2001 அக்டோபர் 8 அன்று மிலான் லினாட்டேயில், பனியில் வழி மாறிய சிறிய செஸ்னா ரன்வேக்குள் வந்துவிட, 118 பேர் பலி. அங்கே பழைய தரை ரேடாரை நிறுத்திவிட்டார்கள், புதியது வேலைக்கு வரவில்லை.

ரன்வேக்குள் தெரியாமல் நுழைவதைத் தடுக்க இன்று அடுக்கடுக்காகக் காவல் இருக்கிறது. நான்கு மஞ்சள் கோடுகள், இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு. முழுக்கோட்டுப் பக்கமிருந்து வந்தால் அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. அங்கேயே தரையில் பதித்த சிவப்பு விளக்கு வரிசை, ஸ்டாப் பார். விமானி கட்டளையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். டெல்லி மாதிரி பனி விழும் இடங்களில் தரை ரேடாரும், விமானமே அனுப்பும் சிக்னலும் சேர்ந்து கன்ட்ரோலர் திரையில் ஒவ்வொரு விமானத்தையும் பெயரோடு காட்டும்.

இத்தனைக்குப் பிறகும் 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் கடலோரக் காவல்படை விமானம் ரன்வேயில் ஏறி நின்றது. 'நீங்கள்தான் நம்பர் ஒன்' என்று கோபுரம் சொன்னது வரிசையை. அவர்கள் எடுத்துக்கொண்டது அனுமதியை. ஸ்டாப் பார் அன்று பயன்பாட்டில் இல்லை. இறங்கிய ஏ350-இல் இருந்த 379 பேரும் தப்பினார்கள். சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள்.

ஆக, ரன்வே ஓரத்துக்கு இவ்வளவு காவல். இறக்கை நுனிக்கு? 2011-இல் நியூயார்க்கில் ஏர் பிரான்ஸ் ஏ380 ஒன்றின் நுனி பட்டு, ஒரு சிறிய ஜெட் அப்படியே சுழன்று நின்றது. அடுத்த ஆண்டு அமெரிக்க விபத்து விசாரணை வாரியம், நுனி தெரியாத பெரிய விமானங்களில் கேமரா போன்ற ஏதாவது கருவி வையுங்கள் என்று பரிந்துரைத்தது. அது இன்னும் கட்டாயமாகவில்லை. எனக்கு இது புரியவே இல்லை. பத்து லட்ச ரூபாய்க் காரில் ரிவர்ஸ் கேமரா வந்துவிட்டது. சின்ன உரசல்தானே என்று விடவும் முடியாது: விங்லெட் நார்க்கலவைப் பொருள், வெளியே கீறல் மாதிரி தெரிந்தாலும் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அல்ட்ராசோனிக் சோதனை முடியும்வரை விமானம் தரையில்தான்.

நெய்வேலி ஏர்ஸ்ட்ரிப்பில் இந்தப் பிரச்சினையே கிடையாது. உரச இரண்டாவது விமானம் வேண்டுமே! சென்னையில் ஜன்னல் சீட் கிடைத்தால், விமானத்தைப் பின்னால் தள்ளும் நேரத்தில் இறக்கை நுனிப் பக்கம் பாருங்கள். கையில் ஒளிக்கோலோடு ஒருவர் நடந்து வருவது தெரியலாம். விங் வாக்கர். நம்ம கண்டக்டர்தான். இழுவை வண்டி கழன்றதும் அவர் கைகாட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார். கொல்கத்தாவில் உரசியது அதற்கு ரொம்பத் தூரம் தள்ளி.