உடன் வாராதவரின் ஒப்பம்



ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், செண்பகத்தோப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. இராஜபாளையத்தாரும் ஸ்ரீவில்லிபுத்தூராரும் அதனை நன்கறிவர். காட்டழகர் கோயிலுக்குச் செல்லும் அடியார்கள் அவ்வழியேதான் நடப்பர். சாம்பல் நிற மலையணில் வாழும் காடு என்பதனால் 1988ஆம் ஆண்டில் அது சரணாலயமாயிற்று; 2021ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தினுள் அடங்கியது. பள்ளிப் பிள்ளைகளை அவ்விடத்திற்கு அழைத்துச் சென்று மரங்களையும் ஓடைகளையும் காட்டி வரும் வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு.

நான் ஆசிரியனாக இருந்தபோது அத்தகைய சுற்றுலா ஒன்றிற்குப் பொறுப்பேற்றேன். பெற்றோரின் ஒப்புதற் கடிதம் கொண்டு வராதவர் பேருந்தில் ஏறலாகாது என்பது கட்டளை. கடிதத்தில் தந்தையின் கையொப்பம் இருத்தல் வேண்டும் என்றும் நாங்கள் அச்சிட்டிருந்தோம். புறப்படும் நாளன்று காலையில் ஒரு சிறுவன் தன் தாயுடன் வந்தான். கடிதத்தில் தாயின் கையொப்பம் மட்டுமே இருந்தது. தந்தையோ வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர். “விதி இது, அம்மா” என்றேன். “சார், பெத்தவ நான் கையெழுத்துப் போட்டாச் செல்லாதா?” என்று அந்த அம்மையார் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பேருந்து புறப்பட்டது, சிறுவன் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி வாயிலிலேயே நின்றான்.

அதே நாளில் வேறொன்றும் நிகழ்ந்தது. ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்த ஒரு மாணவிக்கு நெற்றியில் காயம் பட்டது. மருத்துவரிடம் கொண்டு சென்றபோது அவர் கேட்ட முதற் கேள்வி, “பெற்றோர் எங்கே?” என்பதுதான். அவளுடைய கடிதத்தை நீட்டினேன். அவசரமாயின் சிகிச்சை செய்யலாம் என்னும் ஒப்புதலும், பெற்றோரின் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன. மருத்துவர் அவர்களுடன் பேசிவிட்டுத் தையலிட்டார். ஒரே நாளில், ஒரே வகைக் காகிதம் ஒரு பிள்ளையைக் காத்தது. மற்றொரு பிள்ளையை வெளியே நிறுத்தியது. அன்று முதல் இக்காகிதத்தின் பொருள் யாது என்று நான் ஆராயத் தொடங்கினேன். அவ்வாறு அறிந்தவற்றையே இன்று தங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலாவதாக, இக்கடிதம் எதற்காக? சிறு பிள்ளை ஒருவரது பொறுப்பில் இருப்பதாகச் சட்டம் கொள்கிறது. அப்பொறுப்பாளரைக் காப்பாளர் என்கிறோம். சட்டப்படியான காப்பாளரின் வசத்திலிருந்து, அவருடைய ஒப்புதல் இன்றிப் பிள்ளையை அழைத்துச் செல்வதும், ஆசை காட்டிக் கொண்டு போவதும் குற்றமாகும். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 361ஆம் பிரிவில் இதனைக் கூறிற்று. அதன்படி ஆண் பிள்ளைக்கு 16 வயது வரையிலும், பெண் பிள்ளைக்கு 18 வயது வரையிலும் இப்பாதுகாப்பு இருந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவு, இருபாலார்க்கும் 18 வயது என வரையறுத்துள்ளது. இங்கே நாம் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. “பிள்ளை சம்மதித்தான்” என்று கூறுவது மட்டும் போதாது. காப்பாளரின் சம்மதம் வேண்டும். அச்சம்மதத்தைப் பிறர் கண்ணாற் காணும் வண்ணம் எழுதி வைப்பதே ஒப்புதற் கடிதம்.

நம் நாட்டிற்குள் ஒரு பிள்ளை தன் தாயுடனோ தந்தையுடனோ பயணம் செய்வதற்கு இக்கடிதம் கட்டாயம் என்ற பொதுச் சட்டம் ஏதும் இல்லை. திருச்செந்தூருக்குத் தாயுடன் செல்லும் பிள்ளையை எவரும் கடிதம் கேட்பதில்லை. ஆயினும் பாட்டனாருடனோ, மாமனுடனோ, ஆசிரியருடனோ தொலைவிடம் செல்லும்போது கடிதம் ஒன்று இருப்பது நலம். தனித்துக் காணப்படும் பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டு செல்ல வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. பிள்ளை எங்கிருந்து வந்தது, யாரிடம் சேர வேண்டும் என்பதனைக் காட்டும் ஒரு காகிதம் அந்நேரத்தில் எவ்வளவு உதவும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கடல் கடந்து செல்லும் பயணத்தில் இதன் தேவை பன்மடங்காகிறது. பிள்ளைக்குப் பாஸ்போர்ட் பெறும்போதே பெற்றோர் இருவரும் ஒப்பமிட்ட உறுதிமொழி கேட்கப்படுகிறது. ஒருவருடைய ஒப்பம் பெற இயலாவிடில், விண்ணப்பிக்கும் மற்றவர் அதற்குரிய தனி உறுதிமொழியை அளிக்க வேண்டும். எனினும், பாஸ்போர்ட் பெறத் தந்த ஒப்புதல், பின்னர் செல்லும் ஒவ்வொரு பயணத்திற்கும் தந்த ஒப்புதல் ஆகிவிடாது. ஆகவேதான், இரு பெற்றோரும் உடன் வாராத பிள்ளையிடம் கடிதம் இருத்தல் நலம் என்று கனடா அரசு தன் மக்களுக்கு அறிவுறுத்துகிறது. தென்னாப்பிரிக்கா 2015ஆம் ஆண்டில், வரும் பிள்ளைகள் பிறப்புச் சான்றும் உடன் வாராத பெற்றோரின் ஒப்புதலும் கொண்டு வருதல் வேண்டும் என விதித்தது. பயணிகள் பெரிதும் இடர்ப்பட்டமையால் 2019ஆம் ஆண்டில் அவ்விதியைத் தளர்த்தியது. செல்லும் நாட்டின் விதியையும், விமான நிறுவனத்தின் விதியையும் முன்னதாகவே கேட்டறிதல் இன்றியமையாதது.

இவ்வளவு கவனம் எதற்கு என்று சிலர் வினவலாம். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2012ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் தாய், தம் இரு பெண் குழந்தைகளுடன் கோயம்புத்தூருக்கு வந்தார். பின்னர் இங்கேயே தங்கிவிட்டார். தந்தை இங்கிலாந்து நீதிமன்றத்தை நாடினார்; சென்னை உயர் நீதிமன்றத்திலும் வழக்கிட்டார். அங்கு அவர் வேண்டியது கிட்டவில்லை. 2015ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளைப் பற்றிய வழக்கை இங்கிலாந்து நீதிமன்றமே தீர்க்கட்டும் என்று கருதி, அதற்கு வழி செய்தது. ஆனால் 2017ஆம் ஆண்டில் வேறொரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், அயல்நாட்டு நீதிமன்றத்தின் ஆணை கருதத்தக்க கூறுகளுள் ஒன்று மட்டுமே என்றும், பிள்ளையின் நலமே தலையாயது என்றும் கூறியது. தாயும் தந்தையும் தத்தம் வழியில் அன்புடையோராகவே இருக்கலாம். ஆனால் வழக்குகள் நடந்த ஆண்டுகளெல்லாம் அப்பிள்ளைகளின் பள்ளிப் பருவத்து ஆண்டுகளன்றோ?

இத்தகைய துன்பத்தைத் தடுக்கவே 1980ஆம் ஆண்டில் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை இயற்றப்பட்டது. பெற்றோருள் யார் நல்லவர் என்று அது ஆராய்வதில்லை. 16 வயது நிரம்பாத பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாட்டிற்கு விரைவில் திருப்பி அனுப்பப்படுதல் வேண்டும். எவரிடம் வளர்வது என்பதனை அந்நாட்டு நீதிமன்றமே முடிவு செய்யட்டும் என்பது அதன் கொள்கை. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரும் இலங்கையும் அதில் சேர்ந்துள்ளன. இந்தியா சேரவில்லை; கொடுமைக்குத் தப்பித் தாயகம் திரும்பும் தாய்மாரின் நிலை என்னாகும் என்னும் கவலை அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. எனவே நம்மவர்க்கு, “எப்பொழுது திரும்புவது” என்று முன்கூட்டியே எழுதி ஒப்பமிட்டுக் கொள்வது மேலும் தேவையாகிறது. சச்சரவை அக்கடிதம் தீர்த்துவிடாது. ஆனால் இருவரும் எதற்கு இசைந்தனர் என்பதற்குச் சான்றாக நிற்கும்.

இனி, அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு வருவோம். இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டின் இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தந்தை என்றும், அவருக்குப் பின் தாய் என்றும் கூறுகிறது. “பின்” என்னும் அச்சிறு சொல்லே பல்லாண்டுக் காலம் தாய்மாரைக் கதவின் வெளியே நிறுத்தியது. 1984ஆம் ஆண்டில் எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தம் மகனின் பெயரில் சேமிப்புப் பத்திரம் பெற ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். தந்தையின் ஒப்பம் வேண்டும் என்று விடை வந்தது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. “பின்” என்பதற்குத் “தந்தை இறந்த பின்” என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. தந்தை பிள்ளையைக் கவனியாதிருக்கும்போதும், இருவரும் இசைந்து பொறுப்பைத் தாயிடம் விட்டிருக்கும்போதும், தந்தை வேறிடத்தில் வாழ்வதால் பிள்ளையைப் பேண இயலாதபோதும் தாயே காப்பாளர் ஆவார் என்று நீதிமன்றம் விளக்கியது.

வளைகுடாவில் தந்தை, இங்கே தாய். எங்கள் பள்ளி வாயிலில் நின்ற அச்சிறுவனின் நிலையும் அதுவேயன்றோ? அத்தீர்ப்பு வெளிவந்து ஆண்டுகள் சில கழிந்த பின்னரே நான் அவனைத் திருப்பி அனுப்பினேன். அறியாமைக்கு விதி என்று பெயரிட்டேன். மறு ஆண்டில் எங்கள் கடிதத்தில் “தந்தை” என்னும் சொல்லை நீக்கி, “தாய் அல்லது தந்தை அல்லது காப்பாளர்” என்று அச்சிட்டோம். ஆனால் அதற்குள் அச்சிறுவன் வேறு ஊர்ப் பள்ளிக்குச் சென்றுவிட்டான்.

கடிதம் எழுதுவது கடினமன்று. பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த தேதி; அழைத்துச் செல்பவர் யார், பிள்ளைக்கு அவர் என்ன உறவு; எங்கே செல்கின்றனர், எந்நாள் புறப்பட்டு எந்நாள் திரும்புவர்; அவசரத்தில் மருத்துவம் செய்விக்க இசைவு உண்டா, பிள்ளைக்கு ஒவ்வாத மருந்து ஏதேனும் உண்டா; உடன் வாராதவரின் முகவரி, தொலைபேசி எண், கையொப்பம். இவ்வளவே. அயல்நாட்டுப் பயணமாயின் பாஸ்போர்ட் எண்ணையும் குறித்து, நோட்டரி வழக்கறிஞர் முன்னிலையில் ஒப்பமிடுவது சிறப்பு. பெற்றோருள் ஒருவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றின் நகலும், நீதிமன்றம் ஒருவரிடமே பொறுப்பை ஒப்படைத்திருந்தால் அவ்வாணையின் நகலும் உடன் இருக்கட்டும்.

மாணவர்களாகிய தங்களுக்கும் இதில் பங்குண்டு. தங்கள் கடிதத்தைத் தாங்களே ஒருமுறை படியுங்கள். எங்கே செல்கிறோம், எப்பொழுது திரும்புகிறோம் என்பதனைத் தாங்களும் அறிந்திருங்கள். கடிதம் சொல்வது ஒன்று, நடப்பது வேறொன்று என்று தோன்றினால் அஞ்சாமல் பிறரிடம் கூறுங்கள். 1098 என்னும் எண்ணை அழைத்தால் குழந்தைகளுக்கு உதவி கிடைக்கும். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992ஆம் ஆண்டில் சேர்ந்தது. தன்னைப் பற்றிய செய்திகளில் கருத்துரைக்கப் பிள்ளைக்கு உரிமை உண்டென்று அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது.

செண்பகத்தோப்பின் மலையணில் தரையில் இறங்கி நடப்பதை விரும்பாது. மரத்திற்கு மரம், கிளை கிளையைத் தொடும் வழியே செல்லும். இடையில் ஒரு மரம் வெட்டுண்டால் அதன் வழி அறுபட்டுவிடும். ஒரு பிள்ளை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லும்போது இடையில் நீளும் கிளை போன்றது இக்கடிதம். அதனைக் கேட்கும் இடத்தில் இருப்போர், அது வழிவிடுவதற்காக ஏற்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. நான் ஒரு நாள் மறந்தேன். தாங்கள் நாளை ஆசிரியராகவோ அதிகாரியாகவோ அமரும்போது மறவாதிருப்பீர்களாக.